கொலுப்படியிலிருந்து நான் கழற்றிய ஏழு சிற்பங்கள்

1

எங்கள் ஊர்ச்சங்கத்தின் ரொறன்ரோக் கிளை என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. பதினான்கு நாள் தவணை. நவராத்திரி விழாவில், நகரசபை உறுப்பினர் முன்னிலையில், கொலுவைக் கலைத்துச் சங்கத்துக்கு அவமானம் தேடித் தந்தேனாம். கடிதம் மூன்று பக்கம். இருபத்தாறு வருடமாக அந்தச் சங்கத்தில் கதிரை விரிப்பவனும் மடிப்பவனும் நான்தான். அதற்கு ஒருநாளும் கடிதம் வந்ததில்லை.

இதோடு நின்றிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். செய்தி ஊருக்கும் போய்விட்டது. அக்கா தொலைபேசியில் அழுகிறா. "உனக்கு அங்கை மண்டை பிசகிப்போச்சோ? அம்மனைக் காலால தட்டினியாம்" என்கிறா. அம்மன் பக்கம் நான் போகவே இல்லை. ஆகவே இந்த விளக்கத்தைச் சங்கத்துக்கு மட்டுமல்லாமல் ஊர் வாசிகசாலை மலருக்கும் அனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். கூட்டத்தில் எழும்பினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. இடையில் ஒருவரும் "தம்பி, நீ கொஞ்சம் இரு" என்று சொல்ல முடியாது.

2

நான் வேலை செய்வது பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில். படங்கள், சிலைகள், பழைய சாமான்கள் ஆகியவற்றை உடையாமல் பெட்டி அடித்து அனுப்புகிற வேலை. பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதற்கு ஏற்ற மாதிரிப் பலகை வெட்டி, பஞ்சு வைத்து, ஸ்குரூ முடுக்கவேண்டும். ஊரில் பதினொரு வயதில் மரம் அரிந்து விற்கும் மரக்காலையில் வேலைக்குச் சேர்ந்தவன் என்பதால் மரம் எனக்குப் பழக்கம். மணத்தை வைத்தே என்ன மரம் என்று சொல்வேன்.

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வெக்ஸ்போர்ட்டில் உள்ள எங்கள் அப்பாட்மென்ற் கதவைத் திறந்தபோது முன்சுவர் வெறுமையாக இருந்தது. ஏழு ஆணிகள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன.

"வந்ததும் வராததுமா என்ன சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டபடி குசினிக்குள்ளிருந்து என் மனைவி மலர் வந்தா.

"எங்கை அதுகள்?"

"குகதாசன் அண்ணை வந்து கேட்டவர். குடுத்துவிட்டன்."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீர்?"

"ஏன் உப்பிடிக் கத்துறியள்? பொம்மைதானே, கொலுவுக்குத்தானே! விசயதசமி முடியத் தருவினம். செயலாளர் எங்கட வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சது இதுதான் முதல்தரம். இல்லை எண்டு சொல்லச் சொல்லுறியளோ?"

மலர் சொன்னது உண்மை. சங்கத்தில் எங்களை ஒருவரும் வீடு தேடி வந்து பார்த்ததில்லை.

குகதாசன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். காரணம் அப்போதுதான் தெரிந்தது. விழாவுக்கு நகரசபையிடம் மானியம் கேட்ட படிவத்தில், இந்த நாட்டுப் பூர்வகுடி மக்களையும் விழாவில் கௌரவிப்போம் என்று சங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. மானியம் வந்துவிட்டது. பூர்வகுடி மக்களில் ஒருவரையும் சங்கத்துக்குத் தெரியாது. மலர் முகநூலில் போட்ட பிறந்தநாள் படத்தில் எங்கள் சுவரை அண்ணை கண்டிருக்கிறார்.

"அண்ணை, அது கனடா இல்லை, அரிசோனா," என்றேன்.

"எல்லாம் ஒரே செவ்விந்தியர்தானே தம்பி. ஆர் வந்து எல்லை அளக்கப்போறான்?"

"அதுகளைத் தொட்டால் பூச்சுப் போயிடும் அண்ணை."

"நீ யோசியாதை. கண்ணிலை வைச்சுப் பாக்கிறம்."

அன்றிரவே நான் அவர் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. செயலாளரின் வீட்டுக் கதவைத் தட்டிச் சாமானைத் திருப்பிக் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. என் விளக்கத்தில் என் பிழை என்று நான் ஒத்துக்கொள்வது அந்த ஒன்றைத்தான்.

3

அவை என்ன என்று ஊரில் வாசிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் அரிசோனா என்ற வறண்ட மாநிலத்தில், மேசைபோல மேல் தட்டையான மலைகளின் மீது ஹோப்பி என்ற மக்கள் வாழ்கிறார்கள். ஆறு இல்லை, குளம் இல்லை. மழையை நம்பிச் சோளம் விதைக்கிறார்கள். கட்சினா என்று அவர்கள் சொல்வது, வருடத்தில் பாதி நாட்கள் தங்களிடம் வந்து தங்கி, மழை கொண்டுவந்து, கோடை நடுவில் திரும்பிப் போகிற ஆவியுலகத்தவர்களை. அவர்களின் உருவத்தை மரவேரில் செதுக்கிச் சிறு பெண்பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். பிள்ளை பார்த்துப் பழகவேண்டும் என்பதற்காக அதை வீட்டுச் சுவரில் தொங்கவிடுவார்கள். அதைக் கும்பிடுவதில்லை. விளையாட்டுச் சாமானாக எறிவதும் இல்லை.

பழைய முறையில் செய்யும் சிற்பம் நிற்காது. கால் சின்னது. கை வயிற்றோடு ஒட்டியிருக்கும். கழுத்தில் ஒரு கயிறு. பூச்சு எல்லாம் மண்ணும் கல்லும் அரைத்தது. விரல் பட்டாலே ஒட்டிக்கொண்டு வரும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் வெட்கக்கேடானது. பதின்மூன்று வருடத்துக்கு முன் மார்கிறெற் என்ற ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணியின் வீட்டுச் சாமான்களைப் பொதி செய்யப் போனேன். அவ முதியோர் இல்லத்துக்குப் போகிறா. சுவரில் இருந்த சிற்பங்களைக் கயிற்றில் பிடித்துத்தான் எடுக்கவேண்டும் என்று காட்டித் தந்தா. நான் ஒன்றை மணந்து பார்த்தேன். எனக்குத் தெரியாத மரம். ஆற்றோரத்தில் நிற்கும் ஒரு மரத்தின் வேராம். கையில் வைத்தால் பஞ்சுபோல இருந்தது. நான் மணந்து பார்த்தது அவவுக்குப் பிடித்துவிட்டது. போகும்போது ஒன்றை என் கையில் தந்தா.

நான் என்ன செய்தேன்? வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தூசி படிந்திருந்தது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. யாரோ வீட்டுத் தெய்வம், கவனிப்பாரற்று வந்திருக்கிறது, அப்படியே சுவரில் வைக்கக்கூடாது என்று நினைத்து, குளித்துவிட்டு, மஞ்சள் கரைத்த தண்ணீரில் அதற்கு அபிஷேகம் செய்தேன்.

முகம் என் உள்ளங்கையில் கழன்று வந்தது. நீலமும் வெள்ளையும் மஞ்சள் தண்ணீரோடு கலந்து தட்டத்தில் நின்றன. கண் இருந்த இடத்தில் வெறும் வேர்.

பத்து நாள் அதை ஒரு பெட்டிக்குள் மூடி வைத்தேன். பிறகு முதியோர் இல்லத்துக்குப் போய் மார்கிறெற்றிடம் சொன்னேன். அவ கோபிக்கவில்லை. அதைச் செதுக்கியவரின் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்து, "இதை நீயே அவனிடம் சொல்" என்றா.

4

அவர் பெயர் றசல். என் ஆங்கிலமும் அவருடைய பொறுமையும் சேர்ந்து, தொலைபேசியில் அந்தக் கதையைச் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் ஆனது. கடைசியில் அவர் சிரிக்கத் தொடங்கினார். "இங்கே மூன்று மாதமாக மழை இல்லை. நீ வந்து எங்களையும் ஒருக்கால் குளிப்பாட்டிவிட்டுப் போ" என்றார்.

அடுத்த வருடம் போனேன். வாழ்க்கையில் முதல்தரமாக, சொந்தக்காரரின் கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ அல்லாமல் விமானம் ஏறினேன். முகம் போன சிற்பத்தைப் பெட்டி அடித்துக் கையோடு கொண்டுபோனேன். அவர் அதைத் திரும்பப் பூசமாட்டேன் என்றார். "நீ செய்தது அதிலேயே இருக்கட்டும்" என்றார். பிறகு எனக்கு மகள் இருக்கிறாளா என்று கேட்டார். யாழினிக்கு அப்போது பதினொரு வயது. அவளுக்கென்று ஒன்று தந்தார். பணம் வாங்கிக்கொண்டுதான் தந்தார். அதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் அது முக்கியம்.

மூன்று சொல்லில் ஒரு வாக்குக் கேட்டார். கழுவாதே. நிற்கவைக்காதே. தொங்கவிடு. கடைக்காரர்கள் காலடியில் துளை போட்டுக் கட்டையில் ஏற்றி விற்பது அவருக்குப் பிடிக்காது. நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒன்று அனுப்புவார். அனுப்புவதற்கு முன் முந்தினது எங்கே தொங்குகிறது என்று கேட்பார். நான் சுவரைப் படம் பிடித்து அனுப்புவேன். முகம் போனதோடும் யாழினியுடையதோடும் அப்படிச் சேர்ந்தவைதான் ஏழு. தொழிற்சாலையில் கடைந்து, ஹோப்பி என்று ஒட்டி, விமான நிலையத்தில் விற்கிற சாமான் ஒன்றுகூட என் சுவரில் இல்லை. தூக்கிப் பார்த்தாலே எனக்குப் பாரம் சொல்லிவிடும்.

அந்த முதல் பயணத்தில் திரும்பி வரும்போது ரொறன்ரோ சுங்கத்தில் ஒரு இளம் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"இது விளையாட்டுச் சாமானா?"

"இல்லை."

"கடவுளா?"

"இல்லை."

"அலங்காரப் பொருளா?"

"இல்லை."

"அப்போ என்ன?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தேடி, "சொந்தக்காரர்" என்றேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். வந்தவர் சிறகைப் பார்த்து, கொண்டுவரத் தடையுள்ள கழுகுச் சிறகா என்று கேட்டார். மரத்தில் செதுக்கிய சிறகு என்று காட்டினேன். ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். ஆனால் அந்த இரண்டு பேரும் கையுறை போட்டுத்தான் அதைத் தொட்டார்கள். இன்றைக்கு நினைத்தால் அதுவே பெரிய மரியாதையாகத் தெரிகிறது.

5

ஒரு காலம் யாழினியும் நானும் குசினி மேசையில் இருந்து நூலகப் புத்தகங்கள் வாசித்தோம். வாசிப்பது அவள். ஆங்கிலத்தில் ஒரு பந்தி வாசித்துவிட்டு, தன்னுடைய கொச்சைத் தமிழில் எனக்குச் சொல்லுவாள். எது மழைமேகக் குறி, எது சோளக் குறி என்று அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள். அவளுடைய சிற்பத்தைக் கயிற்றில் பிடித்துத் தூக்க நான் அவளுக்குப் பழக்கினேன்.

பல்கலைக்கழகம் போன இரண்டாம் வருடம் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, இது எங்கட கல்ச்சர் இல்லை. வெள்ளைக்காரர் செய்த அதே கலெக்ரிங். ஐ ஃபீல் வியர்ட்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. அடுத்ததரம் றசலிடம் கேட்டேன். "நான் விற்றேன், நீ வாங்கினாய். என்னுடைய ட்ரக்குக்கு ரயர் போட்டேன். ஒருவரும் களவெடுக்கவில்லை என்று மகளிடம் சொல்லு. சடங்கில் போடுகிற முகமூடியை யாராவது விற்க வந்தால்தான் கத்தவேண்டும், அது விற்கிற பொருள் இல்லை" என்றார். சொன்னேன். யாழினி தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். இப்போது நகர மையத்தில் ஒரு கொண்டோவில் சிநேகிதியோடு இருக்கிறாள். தன்னுடைய சிற்பத்தை எடுத்துப் போகவில்லை. நான் எடு என்று சொல்லவும் இல்லை. அவளுடைய ஆணியில் அது தொங்கியது.

6

சனிக்கிழமை பின்னேரம் கதிரை விரிக்கவென்று நேரத்தோடு மண்டபத்துக்குப் போனேன்.

ஒன்பது படிக் கொலு. ஐந்தாம் படியில் ஏழும் நின்றன. நிற்காத பொருட்கள் நேராக நின்றன. கிட்டப்போய்க் குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் காலுக்குள்ளும் ட்ரில்லால் துளை போட்டு, அடியில் கட்டை வைத்து ஸ்குரூ முடுக்கியிருந்தார்கள். நெற்றியில் சந்தனம் குழைத்து, குங்குமப் பொட்டு. ஈரக் குங்குமம் மண்பூச்சுக்குள் ஊறிவிட்டது. துடைத்தால் முகமும் சேர்ந்து வரும். முன்னால் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டை: "கனடாவின் செவ்விந்தியத் தெய்வங்கள்."

அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்குப் பார்க்டேல் ஞாபகம் வந்தது. நாங்கள் இந்த நகரத்துக்கு வந்த புதிதில் அந்தப் பகுதியில் அகதிகளை வரவேற்கிறோம் என்று ஒரு இராப்போசனம் வைத்தார்கள். என்னைப்போல நாலைந்து பேரை மேடையில் ஏற்றி, யாரோ கொண்டுவந்த வேட்டியைக் கட்டிவிட்டு, ஒரு பெண் வந்து லிப்ஸ்ரிக்கால் எங்களுக்குப் பொட்டும் வைத்தா. கழுத்தில் அட்டை. அதில் வேறு நாட்டின் பெயர். சனம் கைதட்டியது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் அதே அட்டையோடு நின்றவர் குகதாசன் அண்ணை. வெளியே வந்து பனிக்குள் நின்று, "எங்களை ஆரெண்டு நினைச்சாங்கள்? சந்தையிலை கட்டின மாடோ?" என்று கத்தியவர் அவர். அன்றைக்கு எனக்காகவும் சேர்த்துக் கோபப்பட்டவர்.

"அண்ணை," என்றேன். "துளை போட்டது ஆர்?"

"நான்தான். நிக்குதில்லையே தம்பி, சரிஞ்சு சரிஞ்சு விழுந்தது. பார், இப்ப எப்பிடி வடிவா நிக்குதெண்டு."

"பார்க்டேலிலை எங்களுக்கும் அட்டை மாட்டினவங்கள் அண்ணை."

"அதை ஏன் இப்ப இழுக்கிறாய்? போய்க் கதிரையை விரி, ஆக்கள் வருகினம்."

கதிரை விரித்தேன். நூற்றைம்பது கதிரை. விரித்து முடிந்தபோது மண்டபம் நிறைந்துவிட்டது. நகரசபை உறுப்பினர் வந்து முன்வரிசையில் இருந்தார். குகதாசன் அண்ணை ஒலிவாங்கியில், இங்கே எல்லாக் கூட்டத்திலும் வாசிக்கிற மாதிரி, இந்த நிலத்தின் பூர்வகுடிகளை மதித்து நன்றி சொல்கிறோம் என்று வாசித்தார். மதிக்கிறோம் என்ற சொல்லில் நான் எழும்பினேன். காருக்குப் போய் வேலைப் பையை எடுத்துவந்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கொலுவுக்குப் பக்கவாட்டில் நிலத்தில் இருந்து, முதலாவது ஸ்குரூவைக் கழற்றத் தொடங்கினேன்.

"தம்பி! உது என்ன செய்யிறாய்? விசயதசமிக்கு முன்னம் கொலுவிலை கை வைக்கிறதோ?"

குகதாசன் அண்ணை ஒலிவாங்கியிலேயே கத்தினார். வேகமாகச் சுழற்றினால் வேர் பிளந்துவிடும். கால் சுற்று, கால் சுற்றாகத்தான் கழற்றலாம்.

"நேசன் அண்ணை மரப்பாச்சி வைச்சு விளையாடுறார்" என்று பின்னால் ஒரு குரல். சிரிப்பு. "ஐஞ்சாம் வகுப்புக்கு மியூசியம் கேக்குது" என்று இன்னொன்று. மலர் பெண்கள் பக்கத்தில் இருந்து முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடினா. யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். கை வழுக்கி, ஸ்குரூட்ரைவர் என் பெருவிரலைக் கிழித்தது.

அப்போது பக்கத்தில் ஒருவர் முழங்காலில் இருந்தார். யாழினி. ஆங்கிலத்தில் அறிவிப்புச் செய்ய அவளை அழைத்திருந்தார்களாம். எனக்குத் தெரியாது.

"அப்பா, வெயிற். இரத்தம் அதிலை படப்போகுது. நான் பிடிக்கிறன். கயித்திலைதானே பிடிக்கோணும்?"

"ஓம். பூச்சிலை கை படாமல்."

"ஐ நோ, அப்பா. நீங்கள்தானே சொல்லித் தந்தது."

பிறகு ஒருவரும் தோளில் கை வைக்கவில்லை. நான் கழற்ற, அவள் ஒவ்வொன்றாகக் கயிற்றில் தூக்கித் தன் மற்றக் கையில் கோத்துக்கொண்டாள். நாற்பது நிமிடம் ஆனது. அவளுடையது நாலாவது. அதன் இடது கால் துளையிலிருந்து மேலே வெடித்திருந்தது. மற்றவற்றோடு கோக்காமல் அதைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

சங்கம் அவமானம் என்று எழுதியிருக்கிறது. நகரசபை உறுப்பினர் இதையும் எங்கள் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்து, முழுவதையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, கடைசியில் எழும்பி நின்று கைதட்டினார். மண்டபத்தில் கைதட்டிய ஒரே ஆள் அவர்தான்.

நாங்கள் போகும்போது யாழினி அந்த அட்டையை எடுத்து இரண்டாக மடித்துக் குகதாசன் அண்ணையின் கையில் கொடுத்தாள். "அங்கிள், கூகிள் பண்ணியிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் அவள் செய்த அறிவிப்பு.

7

மறுநாள் றசலுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏழின் படத்தையும் அனுப்பினேன். நெற்றியில் அது என்ன சிவப்பு என்று கேட்டார். நாங்கள் மதிக்கிறவர்களுக்கு வைப்பது என்றேன். "கழுவலாமா?" என்றார். "உங்களுக்குத் தெரியும்தானே" என்றேன். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. "இந்த வருடம் உனக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை" என்றார். கோபத்தில் சொன்னாரா, உண்மையிலேயே இல்லையா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பன்னிரண்டு வருடம் காத்த வாக்கு. அதை உடைத்தது என் கை இல்லை என்று சொல்லித் தப்ப எனக்கு மனமில்லை. என் சுவரில் இருந்துதான் போனது.

ஆறு சிற்பங்கள் திரும்பவும் ஆணியில் தொங்குகின்றன. ஏழாவது ஆணி வெறுமையாக இருக்கிறது. யாழினி தன்னுடையதைக் கொண்டுபோய்விட்டாள். போகும்போது சுவரைத் தட்டிப் பார்த்து, ஆணி எந்த உயரத்தில் என்று அளந்து தரும்படி என்னிடம் கேட்டாள். மலர் அவளுக்கு ஒரு பழைய பருத்தித் துண்டைக் கொடுத்து, "சுத்திக்கொண்டு போ, பூச்சிலை கை படாமல்" என்றா. தொங்கும்போது கால் துளை தெரியாது. பொட்டு தெரியும்.

இனிச் சங்கத்துக்கு என் பதில். கடிதத்தின் முடிவில் மூவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மனிடம் அன்றே கேட்டுவிட்டேன். கடைசி ஸ்குரூ கழன்றதும் கும்பத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன், எல்லோரும் பார்த்தீர்கள். நகரசபை உறுப்பினர் கைதட்டிவிட்டுப் போனார், அவருக்கு மன்னிப்புத் தேவையில்லை. மூன்றாவது, சங்கம்.

சங்கத்திடமும் கேட்பேன். அதற்கு முதல், றசலின் விலாசத்தை ஒரு கடித உறையில் எழுதி, முத்திரையும் ஒட்டி, இந்த விளக்கத்தோடு இணைத்திருக்கிறேன். சங்கத்தில் படித்தவர்கள் நிறையப்பேர். எனக்கு மூன்று பக்கம் எழுதியவர்களுக்கு அவருக்கு மூன்று வரி எழுதுவது பெரிய வேலையாக இராது. அந்த உறை தபாலில் போன அன்று, செயலாளர் வீட்டுக் கதவை நானே வந்து தட்டுவேன்.

தைப்பொங்கல் விழாவுக்குக் கதிரை விரிக்க வருவேன். மடித்தும் வைப்பேன். என் வீட்டுச் சுவரில் இருந்து ஒரு ஆணிகூட உங்களுக்கு வராது.